சாட்டிலைட் நிலவெப்பமும் ஐஆர் கன்னும் ஒத்தே வரமாட்டேங்குது (தென்கால் கடைமடை வாழை)

பிசானம்:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீவைகுண்டம் தென்கால் கடைமடையில், குரும்பூர்ப் பக்கம், எங்களுக்குக் கொஞ்சம் வாழை உண்டு. கோடையில் தலைமடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பக்கம் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வருஷா வருஷம் இதே பாடுதான். மனு கொடுத்தால் "எல்லாருக்கும் முறை வைத்துத்தான் விடுகிறோம்" என்பார்கள். தண்ணீர் கிடைக்காத பயிர் சூடேறும், அது சாட்டிலைட்டில் தெரியும் என்று படித்தேன். கூகுள் எர்த் இன்ஜினில் (சாட்டிலைட் படங்களை இணையத்திலேயே அலசுகிற வசதி) லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் சாட்டிலைட்டின் வெப்பப் படத்தை எடுத்து மேப் போட்டேன். தலைமடை நீலம், கடைமடை சிவப்பு, பார்க்க அம்சமாக இருந்தது. சங்கத்தில் காட்டினால் ஒரு பெரியவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "இத நேர்ல அளந்து பாத்தியாடே?"

அளந்தேன். அதற்கப்புறம்தான் தலை சுற்றுகிறது. ஏப்ரல் கடைசியில் ஒரு படம், எங்கள் வயல் இருக்கிற இடத்தில் 41 டிகிரி என்கிறது. அன்றைக்குத் திண்ணையில் தொங்குகிற தெர்மாமீட்டரில் 34. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஐஆர் கன்னை (தொடாமலே சூடு அளக்கிற கைக்கருவி) எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனால் வாழை இலை 34, மரத்துக்கு நடுவே காய்ந்த மண் 53, வரப்பு 49, பம்ப்செட் கொட்டகையின் புதுத் தகரக் கூரை 24! தொட்டுப் பார்த்தேன், கை பொத்துவிடும் போல இருக்கிறது, கன் என்னவோ 24 என்கிறது. மோடிஸில் (டெர்ரா, அக்வா சாட்டிலைட்டுகளில் இருக்கிற கருவி) பார்த்தால் அது தனியாக இன்னொரு நம்பர். இதில் எதை எதோடு வைத்து ஒப்பிடுவது?

ஜங்ஷன்வாசி:

தம்பி, இந்தச் சாட்டிலைட் கணக்கையெல்லாம் நம்பி மனு எழுதாதீங்க. 2022 ஏப்ரலில் வட இந்தியாவில் 60 டிகிரி என்று சிவப்பாக ஒரு படம் போட்டு ஊரே அலறியது, கடைசியில் எந்த ஊர் வானிலை நிலையத்திலும் அப்படி ஒரு வெயில் பதிவாகவில்லை. மேலே இருந்து பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்கிற விஷயம் இது. பாளையங்கோட்டையில் வானிலை ஆய்வு நிலையம் இருக்கிறதே, அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காட்டான்:

அண்ணாச்சி, அந்த 60 பொய்யில்லை. அது தரையின் சூடு, காற்றின் சூடு இல்லை. படத்தைப் போட்டவர்கள் நிலப்பரப்பு வெப்பம் என்றுதான் போட்டார்கள், பத்திரிகைகளில் சில "வெயில் 60" ஆக்கிவிட்டன. ஈரானின் லூத் பாலைவனத்தில் 2005-ல் மோடிஸ் 70.7 பார்த்தது. காற்றுக்கு உலக சாதனை என்று பதிவில் இருப்பதே 1913-ல் டெத் வேலியில் எடுத்த 56.7தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வானிலை நிலையத்தில் வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே, நிழலில், காற்றோட்டத்தில் தெர்மாமீட்டர் இருக்கும். சாட்டிலைட் பார்ப்பது மண்ணின் மேல்தோலை, ஒரு மில்லிமீட்டர் கனம்கூட வராது. சித்திரை வெயிலில் கரிசல் தரிசு காற்றைவிட இருபது டிகிரி கூடுதலாகக் கொதிப்பது சர்வ சாதாரணம். ஆகவே பாளையங்கோட்டை நம்பர் இந்த வேலைக்கு உதவாது, திண்ணைத் தெர்மாமீட்டரும் உதவாது.

பிசானம், உங்கள் கன் பார்ப்பது சரியான பொருளைத்தான். ஆனால் மூன்று இடத்தில் சிக்கல். நேரம், பரப்பு, எமிசிவிட்டி (ஒரு பொருள் தன் சூட்டை எவ்வளவு தூரம் கதிராக வெளியே விடுகிறது என்கிற அளவு, முழுதும் விட்டால் 1). முதலில் நேரத்தைச் சொல்கிறேன், சுலபமாகத் தீர்வது அது ஒன்றுதான். லேண்ட்சாட் நம் பக்கம் காலை பத்தரையை ஒட்டிக் கடக்கும். நீங்கள் அளந்தது பன்னிரண்டரைக்கு. காய்ந்த மண் காலையில் எவ்வளவு வேகமாக ஏறும் என்று கன்னை வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒருதரம் ஒரே இடத்தில் அளந்து பாருங்கள், அப்புறம் ஒப்பிடலாம்.

வெளிமான்:

நேரத்தில் இன்னொரு வம்பு இருக்கிறது. மோடிஸ் தினசரிக் கோப்பில் பார்த்த நேரம் என்று ஒரு அடுக்கு வரும், அதில் இருப்பது ஐஎஸ்டி இல்லை, அந்தந்த இடத்துச் சூரிய நேரம். அதுவும் 0.1-ஆல் பெருக்கினால்தான் மணி வரும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, குரும்பூர்ப் பக்கம் 78. டிகிரிக்கு நான்கு நிமிடம், ஆக 18 நிமிடம். கோப்பில் 10.5 என்று இருந்தால் நம்ம ஊர்க் கடிகாரத்தில் 10:48. இதைக் கவனிக்காமல் தரை அளவையும் கோப்பையும் பொருத்தினால் பகல் நம்பர் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும், ராத்திரி மட்டும் சரியாக இருக்கும், காரணம் தெரியாமல் முழிப்போம். டெர்ரா வேறு 2020-க்குப் பிறகு பாதை நகர்ந்து வர வர முன்னதாகவே கடக்கிறது. பத்தரை என்று மனதில் வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தை எடுத்துப் பாருங்கள்.

பிசானம்:

நன்றி அண்ணே, சூரிய நேரம் எனக்குப் புதுசு. அந்தத் தகரக் கூரை? அது ஏன் 24? கன் பழுதா?

கரிசல்காட்டான்:

கன் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கூரை வானத்தைக் காட்டுகிறது. பளபளப்பான உலோகத்துக்கு எமிசிவிட்டி மிகக் குறைவு, தன் சூட்டைக் கதிராக வெளியே விடாமல் எதிரே இருப்பதைத் திருப்பிவிடும். எதிரே இருப்பது வானம். மேகமில்லாத நேரத்தில் கன்னை நேராக வானத்தைப் பார்த்துப் பிடித்துப் பாருங்கள் (சூரியன் பக்கம் வேண்டாம்), தரைக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரியும். கன்னில் 0.95 என்று வைத்துவிட்டு உலோகத்தை அளந்தால் 24தான் வரும், ஏன் அதற்குக் கீழேயும் வரும். கூரையில் ஒரு சாண் அளவுக்குக் கறுப்பு டேப் ஒட்டிக் கொஞ்ச நேரம் கழித்து டேப்பை அளந்து பாருங்கள், உங்கள் கை சொன்னதை அது சொல்லும்.

மண்ணுக்கும் இது உண்டு, அளவுதான் குறைவு. மண் 50 டிகிரி, எமிசிவிட்டி 0.95, வானத்திலிருந்து வருவது பூஜ்ஜிய டிகிரிக்குச் சமம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், எமிசிவிட்டியை 1 என்று வைத்த கன் 48 காட்டும். இரண்டு டிகிரி போச்சு. சாட்டிலைட்டின் பிழையைத் தேடிப் போகிறவன் கையில் இருக்கிற கருவியிலேயே இரண்டு டிகிரி ஓட்டை. இதை அடைக்க வழி: சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி, பிறகு விரித்து, அளக்கிற தரைமேலேயே வையுங்கள். கன்னில் எமிசிவிட்டியை 1 ஆக்கி அந்தத் தாளை அளந்தால், வானமும் சுற்றுப்புறமும் சேர்ந்து எவ்வளவு அனுப்புகின்றன என்று தெரியும். பிறகு அதே 1 அமைப்பில் தரையை அளந்து, வான பாகத்தைக் கழித்துக்கொள்ளலாம். எமிசிவிட்டியை மாற்றவே முடியாத மலிவுக் கன் என்றால் இந்த வேலைக்கு வேண்டாம்.

ஜங்ஷன்வாசி:

நெல்லையப்பர் கோயில் மாதிரிப் பெரிய கோயில்களில் வெயில் காலத்தில் பிராகாரக் கல்மேல் வெள்ளைப் பெயிண்ட் பாதை அடிப்பார்களே, அதை அளந்தால் கல்லைவிடக் குறைவாகக் காட்டுவதும் இந்தக் கண்கட்டுதானா? ஆனால் காலுக்கு நிஜமாகவே சுடாதே.

கரிசல்காட்டான்:

அது நிஜம் அண்ணாச்சி. வெள்ளைப் பெயிண்ட் கண்ணுக்குத்தான் வெள்ளை, வெப்பக் கதிருக்கு அது ஏறக்குறைய கறுப்பு மாதிரிதான், எமிசிவிட்டி 0.9 பக்கம் வரும். வெயிலைத் திருப்பிவிடுவதால் சூடேறாமல் இருக்கிறது, கன்னும் சரியாகவே காட்டுகிறது. தகரம் சூடாக இருந்துகொண்டே குளிர்ச்சி என்று காட்டும். இரண்டும் படத்தில் நீலமாகத்தான் விழும்.

தேரிமணல்:

இந்த இடத்தில் நானும் புகுந்துகொள்கிறேன். காயாமொழிப் பக்கம் தேரியில் நானும் என் வீட்டுக்காரரும் லேண்ட்சாட் நேரத்துக்கே போய் அளந்தோம், வெறும் சிவப்பு மணல், செடி கொடி எதுவும் இல்லாத மேடு. நேரம் சரி, இடம் சரி, கன்னில் 0.95. ஒவ்வொரு தடவையும் சாட்டிலைட் எங்களைவிடக் கூடுதலாகத்தான் சொல்கிறது. கீழே அளந்தது குறைவு. பொதுவாக ஆட்கள் புலம்புவதெல்லாம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

கரிசல்காட்டான்:

அருமையான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். தேரி மணல் குவார்ட்ஸ், மேலே இரும்பு ஆக்சைடு பூச்சு, அதனால்தான் அந்தச் செம்மை. குவார்ட்ஸுக்கு 8 முதல் 9.5 மைக்ரான் அலைநீளத்துக்குள் எமிசிவிட்டி ஒரேயடியாக விழும், அதைத் தாண்டி 10.5-க்கு மேலே மறுபடி நல்ல உயரத்துக்கு வந்துவிடும். உங்கள் கன் பார்ப்பது 8 முதல் 14 வரை, அந்தப் பள்ளத்தையும் சேர்த்து. லேண்ட்சாட்டின் 10-ஆம் பட்டை (அது பார்க்கிற அலைநீளத் துண்டுகளில் ஒன்று) 10.6-லிருந்து 11.2 வரை மட்டும், பள்ளத்துக்கு வெளியே நிற்கிறது. கன்னுக்கு 0.95 அதிகம், குறைத்து வைத்தால் உங்கள் நம்பர் மேலே ஏறும். சரியான அளவைக் கண்டுபிடிக்க, மணலுக்குள் மேலோடு மேலாக ஒரு கறுப்பு டேப் துண்டைப் பதித்து மணலின் சூட்டுக்கு வரவிட்டு, டேப்பை 0.95-ல் அளந்து, மணலும் அதே நம்பர் காட்டுகிறவரை மணலுக்கு எமிசிவிட்டியைக் குறைத்துக்கொண்டே வரலாம். இதை வெயிலில் செய்தால் டேப் தானாகவே சூடேறிவிடும், சாயங்காலம் சூரியன் இறங்கின பிறகு செய்யுங்கள். கரிசலிலும் வண்டலிலும் இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது.

வெளிமான்:

பரப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிசானம், உங்கள் வயல் எவ்வளவு?

பிசானம்:

ஒன்றரை ஏக்கர் அண்ணே. பக்கத்தில் பங்காளிகள் வயலும் சேர்த்தால் ஆறேழு ஏக்கர் ஒரே சதுரமாக வாழை வரும்.

வெளிமான்:

ஒன்றரை ஏக்கரை மறந்துவிடுங்கள். லேண்ட்சாட் 8, 9 இரண்டிலும் வெப்பப் பட்டையின் அசல் கட்டம் 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். கோப்பு 30 மீட்டர் கட்டமாக வருவதால் வயல் வயலாகத் தெரிகிற மாதிரி தோன்றும், அது நீட்டிப் பரப்பினது. உங்கள் 41-க்குள் வாழையும் வரப்பும் வண்டிப்பாதையும் பக்கத்துத் தரிசும் எல்லாம் கலந்திருக்கிறது. மோடிஸ் ஒரு கி.மீ., அதுவும் நேர் கீழே பார்க்கும்போது மட்டும், ஓரத்துக்குப் போகப் போக ஒரு கட்டம் பக்கவாட்டில் நான்கைந்து கி.மீ. வரை விரியும். குரும்பூரில் ஒரு மோடிஸ் கட்டத்துக்குள் வாழை, நெல், தெரு, ஓட்டு வீடு எல்லாம் வந்துவிடும், அதைக் கன்னை வைத்துச் சரிபார்ப்பது ஆகிற காரியமில்லை.

அதே போல கன்னும். தூரத்துக்கும் பார்க்கிற வட்டத்துக்கும் 12-க்கு 1 என்று போட்டிருப்பான். ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால் எட்டு சென்டிமீட்டர் வட்டம்தான் பார்க்கும். நீங்கள் இலையைத் தனியாக, மண்ணைத் தனியாக அளந்தீர்கள், மேலே இருப்பவன் இரண்டையும் கலந்து பார்க்கிறான். நான் வைத்திருப்பது எம்எல்எக்ஸ்90614 சென்சார், 90 டிகிரிக் கண். வாழைக்கு மேலே ஒரு கம்பில் கட்டி, இலைக்கு இரண்டு மீட்டர் மேலே கீழ்நோக்கி வைத்தால் நான்கு மீட்டர் வட்டம், இலையும் மண்ணும் உள்ளபடி கலந்து வரும். நிமிடத்துக்கு ஒருதரம் மெமரி கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும், படம் கடக்கிற நேரத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, சென்சார் மேலேயே வெயில் பட்டால் உளறும். வெள்ளை பிவிசி குழாய்க்குள் நிழலாக உட்கார வையுங்கள்.

கரிசல்காட்டான்:

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு சுலபமான இடத்தில் பரீட்சை வையுங்கள். இந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவர்கள் இடம் தேடுவதில்தான் பாதி உயிரை விடுகிறார்கள். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் நாசா மிதவைகள் போட்டு அளக்கிறது. நமீபியாவின் கோபாபெப் பக்கம் கண்ணுக்கெட்டின தூரம் ஒரே சரளைச் சமவெளி, அங்கே ஜெர்மானியர்கள் நிலையம் வைத்திருக்கிறார்கள். ஏன் ஏரி, ஏன் பாலைவனம் என்றால் எங்கே நின்று அளந்தாலும் ஒரே சூடு. நமக்கு அந்த இடம் குளம். உங்களுக்குக் கடம்பாகுளம் பக்கத்திலேயே இருக்கிறது. மார்கழி, தையில் நிறைந்து கிடக்கும்போது நடுக்குளத்துக் கட்டங்களை எடுத்து, தண்ணீரின் சூட்டோடு ஒப்பிடுங்கள். தண்ணீரின் எமிசிவிட்டி 0.99 பக்கம், சண்டையில்லை.

வெளிமான்:

குளம் சரியாக வந்தால் வாழை சரி என்று ஆகிவிடுமா? தண்ணீரில் எமிசிவிட்டிக் குழப்பமே இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அவருக்குத் தகராறே செடியும் மண்ணும் கலந்த இடத்தில். எனக்கென்னவோ குளம் நேர விரயம்.

கரிசல்காட்டான்:

குழப்பம் இல்லாததால்தான் அங்கே முதலில் போகச் சொல்கிறேன். குளத்தில் மிச்சப்படுகிற வித்தியாசம் ஏறக்குறைய முழுக்கக் காற்றிலுள்ள ஈரப்பதத்தின் வேலை. லேண்ட்சாட்டில் ஒரே பட்டையை வைத்துத்தான் சூடு கணக்கிடுகிறார்கள், ஈரப்பதத்துக்கு வானிலைக் கணினிக் கணக்கிலிருந்து எடுத்துத் திருத்தம். கடற்கரைக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் பிசகும். மோடிஸ் மாதிரி 11, 12 மைக்ரான் என்று இரண்டு பட்டையையும் கழித்துப் பார்க்கிற வசதி அதில் இல்லை. 11-ஆம் பட்டையில் ஓரத்திலிருந்து வேண்டாத ஒளி உள்ளே புகுகிற கோளாறு 2013-ல் விட்ட லேண்ட்சாட் 8-லேயே தெரிந்துபோனது. குளத்தில் ஒன்றரை டிகிரி தள்ளி நிற்கிறது என்றால், வாழையில் காணும் வித்தியாசத்தில் எவ்வளவு காற்றின் கணக்கு, எவ்வளவு எமிசிவிட்டிக் கணக்கு என்று பிரித்துவிடலாம். ஒன்று, தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை முக்காமல் மேற்பரப்பைக் கன்னால் அளக்கவும், மேல்தோல் உள்ளே இருக்கிற தண்ணீரைவிடச் சில பத்தில் ஒரு பங்கு டிகிரி குளிர்ந்திருக்கும். கோடையில் குளம் வற்றி ஓரமெல்லாம் சேறும் கோரையுமாக ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள். ஆறுமுகநேரி உப்பளத்தையும் தண்ணீர் என்று நினைத்துத் தொடாதீர்கள், பாத்திக்குப் பாத்தி வேறு.

ராத்திரியும் நல்லது. வெயில் இல்லை, நிழல் இல்லை, ஊருக்குள்ளே தவிர மற்ற இடமெல்லாம் ஓரளவு சமமாகிவிடும். லேண்ட்சாட் ராத்திரிப் படம் வழக்கமாக எடுக்காது. விண்வெளி நிலையத்தில் 2018-ல் மாட்டின எகோஸ்ட்ரெஸ் என்ற வெப்பக் கருவி நேரம் மாறி மாறி எடுக்கும், 70 மீட்டர், ராத்திரிப் படமும் கிடைக்கும். அதில் படம் சில சமயம் இடம் தள்ளி விழும், குளக்கரையை வைத்து நகர்த்திக்கொள்ளுங்கள்.

தேரிமணல்:

இன்னொன்று, ஒப்பீட்டில் ஆர் ஸ்கொயர் (இரண்டு அளவும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்கிற எண், முழுதும் சேர்ந்தால் 1) 0.9 வந்தது என்று சந்தோஷப்படுகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. தை மாதமும் சித்திரையும் ஒரே படத்தில் புள்ளி வைத்தால் பருவம் மாறுகிற மாற்றமே அதை 0.9 ஆக்கிவிடும், எந்த ஓட்டைத் தெர்மாமீட்டரும் அதில் தேறிவிடும். எத்தனை டிகிரி ஒரே பக்கமாகச் சாய்கிறது, எத்தனை டிகிரி சிதறுகிறது என்று இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால்தான் எனக்குச் சரி.

ஜங்ஷன்வாசி:

நீங்கள் எல்லாம் டிகிரி டிகிரியாகப் பேசுகிறீர்கள், நான் எதிர்த்தரப்பு ஆளாக நின்று ஒரு கேள்வி கேட்கிறேன். தலைமடையில் நட்டு எட்டு மாதமான வாழை, மேலே இலை மூடிக் கிடக்கிறது. கடைமடையில் தண்ணீர் எப்போது வருமோ என்று தாமதமாக நட்ட கன்று, நடுவே மண் தெரிகிறது. மண் தெரிந்தால் சூடு கூடத்தானே செய்யும்? அது தண்ணீர் இல்லாத சூடா, கன்று இளசாக இருக்கிற சூடா? மனுவைக் கையில் வாங்குகிற அதிகாரி இதைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கரிசல்காட்டான்:

இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கனமானது இதுதான் அண்ணாச்சி. சாட்டிலைட் நம்பர் அச்சு அசலாகச் சரியாக இருந்தாலும் அந்த வாதம் விழாது. அதனால் பிசானம், தனி நம்பரை விடுங்கள். ஒரே படத்துக்குள், ஒரே அளவு பச்சை இருக்கிற இடங்களை மட்டும் எடுங்கள். என்டிவிஐ (பச்சையின் அளவைச் சொல்கிற எண்) ஒரே அளவில் இருக்கிற கட்டங்கள், தலைமடையில் ஒரு கூட்டம், கடைமடையில் ஒரு கூட்டம். காற்றின் ஈரப்பதப் பிழை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, கழித்தால் போய்விடும். பச்சை ஒன்றாக இருப்பதால் எமிசிவிட்டியும் கிட்டத்தட்ட ஒன்றே. மிச்சம் நிற்கிற சூடு, இலை ஆவியாக்கிக் குளிர முடியாமல் தவிக்கிற சூடு. 41 சரியா 43 சரியா என்று யாரும் கேட்க முடியாது. நேரில் அளப்பதும் அந்த இரண்டு கூட்டத்திலும், ஒரே காலையில், இரண்டு ஆள் இரண்டு கன்னோடு. முந்தின நாள் இரண்டு கன்னையும் ஒரே வாளித் தண்ணீரில் பிடித்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எமிசிவிட்டியில் ஒரு எச்சரிக்கை மட்டும். லேண்ட்சாட் எடுத்துக்கொள்வது ஆஸ்டர் என்ற கருவி 2000-லிருந்து 2008 வரை பார்த்த சராசரியை, அதைச் செடியின் பச்சைக்குத் தக்கபடி திருத்திக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் நெல்லாகவும் இப்போது பிளாட்டாகவும் இருக்கிற இடங்களைத் தள்ளிவிடுங்கள்.

பிசானம்:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பக்கம் ஒரே மாதத்தில் நட்ட வாழை மேலேயும் கீழேயும் இருக்கிறது, விஏஓ அடங்கலிலும் பார்த்துக்கொள்ளலாம். இலையிலேயே வித்தியாசம் தெரியும், மத்தியானம் கடைமடை வாழை இலை நடு நரம்பை ஒட்டி இரண்டு பக்கமும் கீழே மடங்கித் தொங்கும், தலைமடையில் விரிந்தே இருக்கும். ஆனால் பத்தரைக்கே அந்த மடங்கல் தெரியுமா என்று கவனித்ததில்லை.

வெளிமான்:

மடங்கல் பிந்தித்தான் வரும், சூடு அதற்கு முந்தியே ஏறத் தொடங்கும், அதைத்தானே பிடிக்கப் பார்க்கிறோம். கோப்பைத் திறக்கும்போது பெருக்கலை மறக்காதீர்கள். லேண்ட்சாட்டின் லெவல் 2 என்ற சூடு கணக்கிட்ட கோப்புக்கு 0.00341802-ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின், மோடிஸுக்கு 0.02-ஆல் பெருக்கினால் கெல்வின், இரண்டிலும் 273.15 கழிக்க வேண்டும். கூடவே எஸ்டி கியூஏ என்ற பட்டையையும் இறக்குங்கள், கட்டத்துக்குக் கட்டம் எத்தனை டிகிரி சந்தேகம் என்று அவர்களே கொடுத்திருக்கிறார்கள், 0.01-ஆல் பெருக்கினால் போதும். மேகம் பக்கத்தில் இருந்தால் அது ஏறிவிடும். மெல்லிய மேகம் கண்ணுக்குத் தெரியாது, படத்தை இரண்டு மூன்று டிகிரி கீழே இழுத்துவிடும்.

என் சென்சாரைக் கொரியரில் அனுப்பட்டுமா, நேரில் கொண்டுவரட்டுமா?

பிசானம்:

நேரில் வாங்க அண்ணே, கம்பு நட ஆளும் வேண்டும். அலுமினியத் தாளும் கறுப்பு டேப்பும் நான் வாங்கி வைக்கிறேன். தேரிமணல் அக்காவும் கன்னோடு வந்தால் தலைமடையை அவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

தேரிமணல்:

வருகிறோம். படம் கடக்கிற தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள், காலை ஒன்பதுக்கெல்லாம் வயலில் நிற்க வேண்டும். லேண்ட்சாட் 8-ம் 9-ம் மாறி மாறி வருவதால் மேகம் மூடிவிட்டால் அடுத்தது எட்டு நாள் கழித்துத்தான், அதற்குள் முறைத் தண்ணீர் வந்துவிட்டால் அளந்து பிரயோஜனமில்லை.

ஜங்ஷன்வாசி:

தண்ணீர் வந்தாலும் அளங்க. வருவதற்கு முந்தின படம், வந்த பிறகு எடுத்த படம், இடையில் கடைமடை எத்தனை டிகிரி இறங்கியது, தலைமடை எத்தனை. மனுவில் அதையும் சேருங்க தம்பி.